மூன்று தட்டினால் வா

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவள் என் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். பொய் சொல்கிறவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

இன்னொன்று. நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குலை நடுங்குகிறது.

அவள் குழாயண்ணன் தங்கை. எங்கள் தெருவில் குழாயண்ணனைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். குழாய் வேலைக்காரர்கள் எங்கேதான் இல்லை? கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்பார்கள், அடுத்த வாரம் வருவார்கள். குழாயண்ணன் அப்படியில்லை. சோற்றில் கை வைத்திருப்பார். பக்கத்து வீட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் சத்தம் கேட்கும். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். "இவர் என்னைக் கட்டிக்கிட்டாரா, குழாயைக் கட்டிக்கிட்டாரான்னே தெரியல" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவளைத் தங்கை கூப்பிடுகிற மாதிரியே நானும் அண்ணி என்றே சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் அந்த வீட்டின் ஒவ்வொரு குழாயையும் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். ஒருநாள் காலை மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு ரிப்பனைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்துப் பூப்போலக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை அந்த வாரம் முழுக்க எனக்கு ரிப்பனே வேண்டாம் என்று அடம் பிடித்தது. அப்படிப்பட்ட அப்பா.

தங்கைக்கும் அவர்தான் அப்பா. பெற்றவர்கள் போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தது, படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவர்தான். மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்றதும் தன் தொழிலையே கற்றுக்கொடுத்தார். வீட்டின் கீழ்த்தளத்தை அவர்களுக்கு விட்டுவிட்டுத் தான் மாடிக்கு ஏறிக்கொண்டார்.

அந்த மாப்பிள்ளைக்குத் தெருவில் 'வால்வு' என்று பட்டப்பெயர். அண்ணன் தொட்டிக்குள் இறங்குவார், குழிக்குள் இறங்குவார், எலி ஓடும் சந்துக்குள்கூட நுழைவார். இவன் மேலே வால்வு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். திறக்கச் சொன்னால் திறப்பான், மூடச் சொன்னால் மூடுவான். கெட்டவன் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. சோம்பேறி, அவ்வளவுதான். ஆனால் அவன் காதுபட யாராவது அண்ணனைப் புகழ்ந்தால் முகம் சுண்டிப்போகும்.

தொட்டிக்குள் இருப்பவர் கத்தினால் வெளியே கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. ஸ்பானரால் குழாயில் தட்டுவார்கள். இரும்புக் குழாயில் ஒரு கோடியில் தட்டினால் மறுகோடி வரை 'டங்' என்று போகும். ஒரு தட்டு என்றால் மூடு. இரண்டு என்றால் திற. மூன்று தட்டினால் வா. வேலையிடத்துப் பாஷை வீட்டுக்கும் வந்துவிட்டது. மொட்டை மாடியில் தொட்டி கழுவிக்கொண்டே மூன்று தட்டுவார். அண்ணி டீயை எடுத்துக்கொண்டு ஏறுவாள். "மகாராஜா மணி அடிக்கிறார்" என்று கீழே தங்கை சிரிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன்.

ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தொட்டிக்குள் இறங்கியபோது அவருக்கு முடிந்துபோனது. தரைக்கு அடியில் இருக்கிற தொட்டி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வாய். பல மாதம் மூடியே கிடந்ததில் உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது. வெளியே தூக்கியபோது அரை உயிர். தகவல் கேட்டு ஓடி வந்த அண்ணியும் வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடவில்லை.

வால்வு அப்போது பம்ப் அறையில் இருந்தான். "மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு சத்தமும் கேக்கல" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவனுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியதே நான்தான்.

ஒரு வருடம் ஓடியது. அவரை நினைத்துப் பேச, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டு ஹாலில் கூடினோம். தொழிலில் கூட இருந்தவர்கள், வாடிக்கையாளர்கள், தெருக்காரர்கள். நாற்காலி போதாமல் என் வீட்டிலிருந்தும் எடுத்துப் போனார்கள். அவர் படத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள்.

"நான் பெயிண்ட் அடிச்ச சுவரையெல்லாம் உடைச்ச ஆளு" என்றார் பெயிண்டர். "உடைச்சுட்டு, என்னை விட நல்லாப் பூசிட்டுப் போவார். அதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்." எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பெயிண்டர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசியில் வால்வு எழுந்தான்.

"கடைசி வரைக்கும் மச்சான்கூட இருந்தவன் நான். ஒரு சத்தம்... ஒரே ஒரு சத்தம் கேட்டிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா?"

டங். டங். டங்.

சமையலறையிலிருந்து வந்தது. தங்கை அங்கேதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே இருந்த குழாய் அதிர்வதை அவள் கண்ணால் பார்த்தாள்.

பெயிண்டர் மாடிக்கு ஓடினார். திரும்பி வந்தார். "மேல ஒருத்தரும் இல்ல. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கு."

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "குழாயில காத்து அடைச்சிருக்கும். டீ ஆறுது, எடுத்துக்குங்க." அவள் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. வால்வு உட்கார்ந்தான். அவன் கையிலிருந்த டம்ளரில் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. சூடு பட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

அன்றோடு நிற்கவில்லை. அவன் பல் தேய்க்க நிற்பான்... டங், டங், டங். ஷேவ் செய்ய நிற்பான்... டங், டங், டங். தங்கை இருந்தால் தங்கைக்கும் கேட்கும். எனக்கும் சுவர் வழியாக இரண்டொரு தடவை கேட்டது. வீட்டில் ஏதோ வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியிலும் விடவில்லை. அவன் போட்ட ஜாயிண்ட் எல்லாம் ஒழுக ஆரம்பித்தது. அதே வீட்டில் அண்ணன் எப்போதோ போட்டுவைத்த ஜாயிண்ட் கல் மாதிரி நிற்கும். பக்கத்திலேயே இவன் போட்டது மட்டும் ஒழுகும். பிரித்து மறுபடி போட்டால் மறுபடியும் ஒழுகும். ஆட்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஒருநாள் வெறி பிடித்தவன்போல வீட்டிலிருந்த இரும்புக் குழாயையெல்லாம் பிடுங்கி எறிந்தான். முழுக்க பிளாஸ்டிக் குழாய் போட்டான். "இனிமே எங்கேருந்து சத்தம் வரும்னு பாக்கறேன்" என்றான். பிளாஸ்டிக்கில் தட்டினால் 'டொக்' என்றுதான் கேட்கும். அதுகூடத் தள்ளி நின்றால் கேட்காது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிக்கப் போனான்.

டங். டங். டங்.

இரும்புச் சத்தம். ஈரத்தலையோடு வெளியே ஓடி வந்தான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். மறுபடியும் மூன்று தட்டு.

"உனக்கும் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"எதுக்கு இப்படிக் கூப்பிடறார்? அன்னிக்கே நான் போகல... இப்பவா போவேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கை சோற்றில் நின்றுவிட்டது. தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்துத் திரும்ப வைத்தான்.

"கேட்டுச்சான்னு கேக்கறேன்."

"கேட்டுச்சு." தட்டைப் பார்த்தே பேசினான். "காலையில எல்லார் முன்னாடியும் என் ஜாயிண்டைப் பிரிச்சுப் போட்டார். இப்படியா வேலை பாக்கறது மாப்பிள்ளைன்னு சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எரிஞ்சுது. கொஞ்ச நேரம் தட்டட்டும்னு உக்காந்துட்டேன். சாகணும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல. ஒரு சிகரெட் பத்த வச்சேன், அது முடியற வரைக்கும்தான்..."

தங்கை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அழுகை வரவில்லையாம். உடம்பெல்லாம் பற்றி எரிந்ததாம். தன்னைத் தூக்கி வளர்த்தவர் இருட்டுக்குள் மூச்சுக்குத் தவித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவன் புகை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கைக்குத்தான் ஒரு வருடமாகச் சோறு போட்டோம் என்று நினைத்தாளாம்.

அண்ணியிடம் அவள் சொல்லவில்லை. போலீசுக்கும் போகவில்லை. கேட்டது, கேட்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? மாடிக்குப் போய் அண்ணன் பையிலிருந்து அவருடைய ஸ்பானரை எடுத்து வந்தாள். சமையலறைக் குழாயில் மூன்று தட்டினாள். வா.

"வாங்கண்ணா. அவரைச் சும்மா விடாதீங்க" என்றாள்.

பதில் வரவில்லை. அன்று முழுக்கக் குழாய் வாயே திறக்கவில்லை. சரி, சம்மதம்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வேளாவேளைக்கு அவனுக்குச் சமைத்துப் போட்டாள், சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். எப்போது, எப்படி என்று காத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

சில நாள் கழித்து மறுபடி தட்டு ஆரம்பித்தது. இந்தத் தடவை சத்தம் கொல்லையிலிருந்து வந்தது. அங்கே தரைக்கு அடியில் அவர்கள் வீட்டுத் தொட்டி இருந்தது.

வால்வுக்குத் திடீரென்று ஒரு தெம்பு. "கீழ்த்தொட்டிதான்! தெருத்தண்ணி வந்து விழற இடத்துல ஒரு துண்டு பழைய இரும்புக் குழாய் இருக்கு. அதை மறந்துட்டேன். அதுதான் ஆடிக்கிட்டுக் கிடக்கு. அதைப் புடுங்கிட்டா எல்லாம் நின்னுடும்."

அப்போது காலை பத்தரை மணி. அண்ணி மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். தெருக்குழாயில் பதினோரு மணிக்குத் தண்ணீர் வரும். வந்தால் நேரே தொட்டிக்குள்தான் கொட்டும்.

"தண்ணி வர்றதுக்குள்ள ஏறிடுவேன். நீ இங்கயே நில்லு. நான் தட்டினா ஓடி வா" என்றான்.

"சரி" என்றாள்.

மூடியைத் தூக்கினான். தொட்டி கிட்டத்தட்டக் காலி. ஏணியை இறக்கினான். பயத்தில், அவசரத்தில் ஒன்றை மறந்தான். தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடவில்லை. தெருவே வால்வு என்று கூப்பிட்ட ஆள், வால்வை மூட மறந்து இறங்கினான்.

அவள் பார்த்தாள். திறந்திருந்தது. குனிந்து திருகினால் மூடிவிடலாம்.

அவள் வாய் திறக்கவில்லை.

அவன் தலை உள்ளே மறைந்தது.

ஏணி சறுக்கும் சத்தம்... தொப்.

பிறகு ஒன்றுமில்லை. என் வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது.

டங். டங். டங்.

வா.

அவள் சமையலறைக்குள் போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் தட்டட்டும்."

வாய்விட்டே சொன்னாளாம்.

டங். டங். டங்.

அவள் காதைப் பொத்தவில்லை. ஒவ்வொரு தட்டையும் கேட்டாள். அண்ணன் இப்படித்தானே தட்டியிருப்பார் என்று நினைக்க நினைக்க, நெஞ்சில் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது.

மணி பதினொன்று.

தெருக்குழாய் செருமியது. தண்ணீர் வந்துவிட்டது. தொட்டிக்குள் தடதடவென்று விழுந்தது.

டங்.

ஒரே ஒரு தட்டு. மூடு.

அவள் எழவில்லை.

டங்... டங்... டங்...

வா.

டங்.

மூடு.

வா. மூடு. வா. மூடு. வேகம்... இன்னும் வேகம். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே அது கேட்டது.

அவள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் விழும் சத்தம் மெல்ல மெல்ல மாறியது. தொட்டி நிறைந்தது. வாயைத் தாண்டி வழிந்தது. கொல்லையெல்லாம் ஓடிச் சமையலறைப் படி வரை வந்தது.

தட்டு நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொட்டி நிறைந்து வழிகிறது... உள்ளே இருப்பவன் எப்படித் தட்டுகிறான்?

டங்.

அதோடு நின்றது.

அண்ணி திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். வால்வை மூடியது அவள்தான். அவள் போட்ட கூச்சலில் நான் ஓடினேன். பெயிண்டர் ஓடி வந்தார். மூன்று பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். தங்கை ஸ்டூலை விட்டு எழவே இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னோம்.

கால் தவறி விழுந்த விபத்து என்றே முடிந்தது. உடம்பைப் பரிசோதித்த டாக்டர் தங்கையை உட்காரவைத்துப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"விழுந்த உடனேயே கழுத்து எலும்பு முறிஞ்சிருக்கும்மா. கழுத்துக்குக் கீழ எதுவும் அசைஞ்சிருக்காது. ஒரு விரலைக்கூடத் தூக்கியிருக்க முடியாது. ஆனா உயிர் இருந்திருக்கு. நுரையீரல் முழுக்கத் தண்ணி. தண்ணி வர்றதுக்கு முன்னாடி யாராவது பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

தங்கை என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்தது. எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தட்டியது அவன் இல்லை. அவனால் தட்டியிருக்க முடியாது. அப்படியானால் அவளை வா வா என்று கூப்பிட்டது, வந்து தண்ணீரை மூடு என்று கெஞ்சியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அத்தனை மாதம் அவர் எதற்காக அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்? அது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் பிறகு சத்தம் வரவேயில்லை. தங்கை எத்தனையோ தடவை தட்டிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

மனசு தாங்காமல் ஒருநாள் மாடிக்குப் போய் அண்ணி காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணன் தட்டினது அவருக்குக் கேட்டிருக்கு அண்ணி. வேணும்னே போகல. அதான் நானும்..." என்று ஆரம்பித்திருக்கிறாள்.

"தெரியும்" என்றாளாம் அண்ணி.

"என்ன தெரியும்?"

"மாப்பிள்ளை வரலைன்னு தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வண்டியில உங்க அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னார். 'தட்டினேன், மாப்பிள்ளை வரல. இது தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவ மாப்பிள்ளைகூட வாழமாட்டா. யார்கிட்டயும் சொல்லாத.' அவ்வளவுதான் பேசினார். அப்புறம் பேச்சு இல்ல."